பச்சிளங் குழந்தை பால் கக்கினால்

குழந்தை பால் குடித்ததும் கக்கிவிட்டால், தாய்ப்பால் ஒத்துக்கொள்ளவில்லையோ எனத் தாய்மார் அஞ்சுவர். போத்தலைக் கொடுக்கும்படி அயலாரும் சொல்வர். சுத்தமான நீர் கிடைக்காத தற்காலிகக் குடியிருப்புகளில் போத்தற்பால் வயிற்றோட்டத்துக்கு வழி திறந்துவிடும். எனவே அவசரப்பட வேண்டாம்.

உணவுக்குழாய் இரைப்பையோடு சேருமிடத்தில் வளையம் போன்ற தசை ஒன்றுண்டு. பச்சிளங் குழந்தையில் அது நன்கு இறுகியிராததால் பால் மேலே வருகிறது. நான்காம் மாதமளவில் இது கூடி, ஒரு வயதையொட்டிப் பெரும்பாலும் நின்றுவிடும். குழந்தை உற்சாகமாயிருந்து, நிறையும் கூடினால் மருந்து தேவையில்லை. பாலூட்டியபின் சற்று நேரம் தோளில் நிமிர்த்தி வைத்திருங்கள். உறங்கும்போது மல்லாக்கவே கிடத்துங்கள்.

சில குழந்தைகளுக்கு மட்டும், தாய் உட்கொள்ளும் பசுப்பாலின் புரதம் தாய்ப்பால் வழியே சென்று ஒவ்வாமை தருகிறது. மலத்தில் இரத்தம் அல்லது சளி, தோலில் கரப்பன், நிறை கூடாமை என்பன இதன் அறிகுறிகள். வைத்தியர் சொன்னால், தாய் 2 முதல் 4 வாரம் பால்மாத் தேநீர், தயிர், பட்டர் என்பவற்றை விட்டுப் பார்க்கலாம். ஆட்டுப்பாலும் எருமைத் தயிரும் மாற்றாகா; அவற்றின் புரதமும் ஏறத்தாழ ஒன்றே. தேங்காய்ப்பாலை விட வேண்டியதில்லை. சுண்ணாம்புச் சத்துக்கு நெத்தலி, குரக்கன், எள்ளு, கீரை உண்ணுங்கள். குணம் கண்டால், வைத்தியரைக் கேட்டு மீண்டும் பாலருந்திப் பாருங்கள். அறிகுறி திரும்பினாலே காரணம் உறுதியாகும். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம்.

பச்சை நிற வாந்தி, பீறிட்டு அடிக்கும் வாந்தி, சோர்வு, சிறுநீர் குறைதல் கண்டால் உடனே அருகிலுள்ள வைத்தியசாலைக்கோ மாத்தளைப் பெரியாஸ்பத்திரிக்கோ கொண்டுசெல்லுங்கள். இடம்பெயர்ந்து வந்தோர் அப்பகுதி மருத்துவமாதுவிடம் பெயரைப் பதிந்து, மாதந்தோறும் பிள்ளையின் நிறையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.