ஓடை கடக்கும் வேளை

தில்லியிலும் சண்டிகரிலும் வாழும் நம்மவர் பலர், கோடை விடுமுறையில் இமாசலப் பிரதேசத்து லாஹௌல், ஸ்பிதிப் பகுதிகளுக்கு ஜீப்பிலேயே புறப்படுகின்றனர். நான்கு சக்கரங்களுக்கும் விசை பாயும் வண்டி எங்கும் செல்லும் என்பது அவர்கள் எண்ணம்.

கிராம்பூவிலிருந்து பாத்தலுக்குச் செல்லும் பாதையில் ஓடைகள் சாலையின் மீதே பாய்கின்றன. அவற்றுள் ஒன்றின் பெயர் 'பாகல் நாலா'. பித்துப்பிடித்த ஓடை என்று நாம் மொழிபெயர்க்கலாம், பெயர் பொருத்தமானதே. காலையில் அடங்கி ஓடும் நீர், வெயிலில் பனி உருகியதும் பிற்பகலில் பெருகிக் கற்களையும் உருட்டி வரும். ஆதலின் முற்பகலிலேயே கடந்துவிடுவது அப்பகுதி ஓட்டுநர்களின் வழக்கம். ஏட்டில் உள்ள விதிகளைவிட இவ்வழக்கத்தையே நாம் பெரிதாக மதிக்கிறோம். நீரில் இறங்கியபின் கியரை மாற்றாமல், நிற்காமல், மெல்லச் செல்லவேண்டும். எஞ்சினுள் நீர் புகுந்து நின்றுவிட்டால் மீண்டும் இயக்கலாகாது.

சாலையை மறிக்கும் ஓடையைக் கடப்பது வேறு. ஆற்றிலேயே வண்டியைச் செலுத்துவது வேறு. 2023 டிசம்பரில், போக்குவரத்து நெரிசலுக்கு அஞ்சிச் சந்திரா நதியில் ஜீப்பை ஓட்டிய பயணி ஒருவருக்கு, மோட்டார் வாகனச் சட்டப்படி காவல்துறையினர் அபராதம் விதித்தனர். அன்று ஆற்றில் நீர் குறைவு. கோடையாயின் அபராதம் செலுத்த ஆள் மிஞ்சியிருப்பாரோ, அறியோம்.

பொழுது சாய்ந்தபின் ஓடைக்கரையை அடைவோர், வண்டியைத் திருப்பிச் சத்ருவில் இரவைக் கழித்து, விடிந்ததும் கடப்பாராக.