16 வெள்ளைக் கப்பல்கள்... 5 லட்சம் பேர் திரண்ட சிட்னி: 1908 வரவேற்புக்குப் பின்னால் இருந்த அரசியல் என்ன?

வெளிநாட்டு போர்க்கப்பல் வந்தா பீரங்கி மரியாதை, பேண்டு வாத்தியம், விருந்து... இதெல்லாம் வெறும் சம்பிரதாயம்தானா? 1908 ஆகஸ்ட் 20-ல் சிட்னியில் நடந்ததைப் பார்த்தா அப்படித் தெரியல.

வந்தது யார்?

அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் உலகைச் சுற்றிவர அனுப்பிய 16 போர்க்கப்பல்கள். சுமார் 14,000 மாலுமிகள். கப்பல்களுக்கு வெள்ளை பெயின்ட் என்பதால் 'கிரேட் ஒயிட் ஃப்ளீட்' என்ற பெயரே நிலைத்துவிட்டது. வேடிக்கை பார்க்க 5 லட்சம் பேருக்கு மேல் திரண்டதாகச் சொல்லப்படுகிறது.

கூப்பிட்டது யார்?

ஆஸ்திரேலிய பிரதமர் ஆல்ஃபிரட் டீக்கின். அப்போது ஆஸ்திரேலியாவின் வெளியுறவு விவகாரம் பிரிட்டன் கையில். ஆனா டீக்கின், லண்டனைத் தாண்டி அமெரிக்கத் தரப்பிடம் நேரடியாகப் பேசிட்டார். லண்டன் இதை ரசிக்கவில்லை.

ஏன் இந்த அவசரம்?

1905-ல் சுஷிமா கடற்போரில் ரஷ்ய கப்பற்படையை ஜப்பான் நொறுக்கியது. ஆசியர்கள் குடியேறுவதை 1901-லேயே சட்டம் போட்டுத் தடுத்த ஆஸ்திரேலியாவுக்கு உதறல். காக்க வேண்டிய பிரிட்டனோ 1902 முதல் ஜப்பானின் கூட்டாளி! 'எங்களுக்கு வேற நண்பனும் இருக்கான்' என்று காட்டத்தான் அந்தத் தடபுடல்.

அப்புறம் என்ன ஆச்சு?

அதே அக்டோபரில் அந்தக் கப்பல்கள் யோகஹாமா போனபோது ஜப்பானும் கொடி அசைத்து உற்சாகமாக வரவேற்றது. சொந்தக் கப்பற்படை வேண்டும் என்ற குரல் ஆஸ்திரேலியாவில் வலுத்தது. 1913 அக்டோபர் 4-ல் சிட்னி துறைமுகத்தில் மறுபடியும் கூட்டம். இந்த முறை வந்தது, ஆஸ்திரேலியாவின் சொந்தக் கப்பல்கள்.