இல்லறம் குலைத்தவன் மேல் வழக்கு

ஒருவன் இல்லறத்தை மற்றொருவன் குலைத்துவிட்டால், குலைத்தவன் மேல் வழக்குத் தொடுக்கலாமா? வென்று பெறும் பணம் எந்த இழப்புக்கு ஈடாகும்? ஆங்கிலச் சட்ட வரலாற்றில் இதற்கு விடை உண்டு.

இங்கிலாந்தில் 1857ஆம் ஆண்டு வரை, தன் மனைவியோடு கூடாவொழுக்கம் கொண்டவனிடம் கணவன் இழப்பீடு கோரும் வழக்கு ஒன்று இருந்தது. ‘கிரிமினல் கான்வர்சேஷன்’ என்பது அதன் பெயர். பெயரிலே குற்றம் இருப்பினும், அஃது உரிமை வழக்கே; சிறையில்லை, பணம் மட்டுமே. மணமான பெண்ணுக்குக் கணவனின் வேறாகச் சட்டத்தில் தனி நிலையில்லை என்பது அக்காலக் கொள்கை. ஆதலால் கணவன் ஒரு பக்கம், அயலான் மறு பக்கம் நின்று வழக்காடினர். எவள் பெயர் மன்றில் இழுக்கப்பட்டதோ, அவள் வழக்கில் ஒரு தரப்பும் அல்லள். சாட்சி கூறவும் உரிமையிலள். கணவன் தவறினாலோ, மனைவிக்கு அத்தகைய வழக்கும் இல்லை.

இதன் கொடுமையை 1836ஆம் ஆண்டு வழக்கு ஒன்று புலப்படுத்திற்று. ஜார்ஜ் நார்ட்டன் என்பார், அந்நாளைய பிரதமர் மெல்பர்ன் பிரபுவின் மேல் 10,000 பவுன் கேட்டு வழக்கிட்டார். ஜூரிகள் இடத்தை விட்டு எழாமலே பிரதமருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தனர். பிரதமர் பதவியில் நீடித்தார். ஆனால், பழி நிலைபெறாத மனைவி கரோலின் நார்ட்டனோ, தம் மூன்று புதல்வரைக் காணவும் இயலாது தவித்தார். பிள்ளைகள் தந்தைக்கே உரியர் என்றது சட்டம்.

எழுத்தாளரான அவ்வம்மையார் எழுதுகோலையே துணைக்கொண்டார். அவர் முயற்சியின் பயனாக 1839இல் வந்த சட்டம், ஏழு வயதுக்குட்பட்ட மக்களைத் தம்பால் வைத்துக்கொள்ளத் தாய்மார் நீதிமன்றத்தை நாட வழி திறந்தது. 1857இல் அப்பழைய வழக்கு ஒழிந்தது. எனினும், மணவிலக்கு வழக்கில் அயலானிடம் இழப்பீடு கேட்பது தொடர்ந்தது. 1970ஆம் ஆண்டுச் சட்டம் அதனையும் நீக்கிற்று.

இவ்வழக்கின் கிளைகள் பிற நாடுகளில் இன்றும் உள. அமெரிக்காவின் வட கரோலினாவில், அன்பைப் பிரித்தவர் மேல் கணவனும் வழக்கிடலாம், மனைவியும் வழக்கிடலாம். மலேசியாவில் முஸ்லிமல்லாதாருக்குரிய 1976ஆம் ஆண்டு மணச்சட்டத்தின் 58ஆம் பிரிவும் கூடாவொழுக்கத்திற்கு இழப்பீடு கோர இடமளிக்கிறது.

மன்றம் தொகையை அளந்து கூறலாம். நார்ட்டன் வழக்கிலோ, அளவையில் வைக்கப்படாத இழப்பு ஒரு தாயுடையது. பேச இடமில்லாதவரை அறிவதே இவ்வரலாற்றைப் படிப்பதன் பயனாகும்.