முதல் வாரம் ஐந்து நிமிடம்: மாரடைப்புக்குப் பின் நடையைத் தொடங்கும் முறை

மாரடைப்புக்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பும் நோயாளிகளை நாங்கள் நடக்கச் சொல்கிறோம். எவ்வளவு நேரம் என்று கேட்டால், முதல் வாரத்தில் ஒரு வேளைக்கு ஐந்து நிமிடம் போதும் என்கிறோம். இவ்விடையைக் கேட்டதும் பலருடைய முகத்தில் ஏமாற்றம் தெரிகிறது. இவ்வளவு பெரிய நோய்க்கு இவ்வளவு சிறிய பயிற்சியா என்று சிலர் வெளிப்படையாகவே கேட்கின்றனர். அருகில் நிற்கும் குடும்பத்தாருக்கோ அந்த ஐந்து நிமிடமும் மிகுதியாகத் தோன்றுகிறது. இவ்விரு தரப்பினருக்கும் எங்கள் விடையின் காரணத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரு வழிகள், ஒரே முடிவு

வீடு திரும்பிய முதல் மாதத்தில் நோயாளிகள் இரு வகையாகப் பிரிவதை நாங்கள் தொடர்ந்து காண்கிறோம். முதல் வகையினர், இனி வாழ்க்கையையே மாற்றிவிடுவது என்று உறுதி பூணுகின்றனர். புதுக் காலணி வாங்கி, விடியற்காலையில் எழுந்து, முதல் நாளே ஒரு மணி நேரம் நடக்கின்றனர். மூன்றாம் நாள் முழங்கால் வலிக்கிறது. நான்காம் நாள் உடல் சோர்ந்து எழ மறுக்கிறது. ஒரு வாரம் முடிவதற்குள் நடை நின்றுவிடுகிறது. “இது நமக்கு ஒத்துவராது” என்ற முடிவுக்கு அவர்கள் வந்துவிடுகின்றனர். அகலக் கால் வைத்ததன் விளைவு இது.

இரண்டாம் வகையினர் அச்சத்தால் அசைவதே இல்லை. கட்டிலிலிருந்து கழிவறைக்குச் செல்வதே அவர்களுக்கு நடையாகிறது. உடல் அசையாதபோது கால் தசைகள் மெலிகின்றன. பிறகு ஒரு நாள் நான்கு படி ஏறினாலும் மூச்சு வாங்குகிறது. தசை தளர்ந்ததால் வந்த அந்த இளைப்பை, இதயம் மேலும் கெட்டுவிட்டதன் அறிகுறியாக அவர்கள் கருதிக்கொள்கின்றனர். அச்சம் கூடுகிறது; அசைவு மேலும் குறைகிறது.

ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், இவ்விரு வகையினரும் ஒரே கட்டிலில்தான் இருக்கின்றனர். இவர்களைக் காக்கக்கூடியது, இருவரும் மதிக்கத் தவறிய அந்தச் சிறு தொடக்கமே.

படுக்கை ஓய்வைப் பற்றி மருத்துவம் கற்றது

குடும்பத்தாரின் அச்சம் காரணமற்றது என்று நாங்கள் சொல்லமாட்டோம். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மருத்துவர்களே அவ்வாறுதான் எண்ணினர். மாரடைப்பு வந்தவரைப் பல வாரங்கள் படுக்கையிலேயே வைத்திருப்பது அன்றைய வழக்கம். 1952-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரைச் சேர்ந்த சாமுவேல் லெவின், பெர்னார்ட் லோன் ஆகிய மருத்துவர்கள் இவ்வழக்கத்திற்கு மாறான ஒரு முறையை வெளியிட்டனர். நோயாளியைத் தொடக்க நாட்களிலேயே படுக்கையிலிருந்து எழுப்பி, நாற்காலியில் உட்கார வைப்பதே அம்முறை. அவர்கள் செய்தது அவ்வளவுதான். ஓடவோ நடக்கவோ சொல்லவில்லை. ஆயினும் மாரடைப்பு மருத்துவத்தின் போக்கு மாறத் தொடங்கியதில் அந்த நாற்காலிக்கு முக்கிய இடம் உண்டு.

படுத்திருப்பதால் உடல் எவ்வளவு இழக்கிறது என்பதை 1966-இல் டெக்சாஸ் மாநிலத்தின் டல்லாஸ் நகரில் நடந்த ஓர் ஆய்வு காட்டியது. 20 வயதுடைய, நோயற்ற ஐந்து இளைஞர்கள் மூன்று வாரம் படுக்கையில் வைக்கப்பட்டனர். உழைக்கும்போது ஆக்சிஜனைப் பயன்படுத்தும் அவர்களது உடலின் திறன், அந்த மூன்று வாரத்தில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்துபோனது. முப்பது ஆண்டுகள் கழித்து, 50 வயதை எட்டிய அதே ஐவரும் மீண்டும் சோதிக்கப்பட்டனர். முப்பது ஆண்டு மூப்பினால் அவர்கள் இழந்த திறனைவிட, இளமையில் மூன்று வாரப் படுக்கையால் இழந்த திறனே மிகுதி என்பது தெரியவந்தது. பிறகு அவர்களுக்கு ஆறு மாதம் பயிற்சி அளிக்கப்பட்டது. சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டப்பட்ட அப்பயிற்சியின் முடிவில், மூப்பினால் குறைந்த அத்திறன் மீண்டும் வந்தது.

அவர்கள் இதய நோயாளிகள் அல்லர் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். எனினும் உடலின் இயல்பு நமக்கும் அதுவே. படுக்கை விரைவாகப் பறிப்பதைப் பயிற்சி மெதுவாக மீட்டுத் தருகிறது.

ஏன் சிறிதாகத் தொடங்க வேண்டும்?

முதற் காரணம் இதயத்தின் நிலை. மாரடைப்பில் பாதிக்கப்பட்ட இதயத் தசை ஆறி, அவ்விடத்தில் உறுதியான தழும்பு உருவாகச் சுமார் ஆறு முதல் எட்டு வாரம் ஆகிறது. அடைப்பு நீக்கப்பட்டு ஸ்டென்ட் பொருத்தப்பட்டிருந்தாலும் இந்த ஆறும் காலம் தேவை. இக்காலத்தில் இதயத்திற்கு வேலை வேண்டும். திடீர்ச் சுமை கூடாது.

இரண்டாம் காரணம், அளவைப் பொறுத்தே எந்த மருந்தும் நன்மை செய்கிறது என்பது. இதயச் செயலிழப்புக்கு நாங்கள் தரும் கார்வெடிலோல் என்ற மாத்திரையை எடுத்துக்கொள்வோம். பொதுவாக வேளைக்கு 3.125 மில்லிகிராம் என்று தொடங்கி, உடல் ஏற்றுக்கொள்வதைப் பார்த்து, இரண்டு வாரத்திற்கு ஒரு முறை கூட்டி, 25 மில்லிகிராம் வரை கொண்டுசெல்கிறோம். அதாவது, தொடங்கும் அளவு இலக்கின் எட்டில் ஒரு பங்கு. அதே மாத்திரையை முதல் நாளே முழு அளவில் கொடுத்தால் தளர்ந்த இதயம் மேலும் தளரக்கூடும். நடையும் இத்தகைய மருந்தே. (மாத்திரையின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவரின் பொறுப்பு; அதைத் தாங்களாகவே செய்யக் கூடாது.)

மூன்றாம் காரணம் மனத்தைப் பற்றியது. லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், 96 பேர் தாமே தேர்ந்துகொண்ட ஒரு செயலை நாள்தோறும் செய்துவந்தனர். அச்செயல் முயற்சியின்றித் தானாக நிகழும் பழக்கமாக நிலைபெற எடுத்துக்கொண்ட காலத்தின் நடுமதிப்பு 66 நாட்கள். சிலருக்கு 18 நாட்களே போதுமாயின. சிலருக்கு 254 நாட்கள் வரை ஆகும் எனக் கணக்கிடப்பட்டது. இடையில் ஒரு நாள் விடுபட்டதால் பழக்கம் உருவாவது குலைந்துவிடவில்லை என்பதும் அதில் தெரியவந்தது. ஆகவே இரண்டு மாதத்திற்கு மேல் இடைவிடாமல் செய்யக்கூடிய செயலையே நாம் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு மணி நேர நடையை நல்ல நாளில் மட்டுமே செய்ய இயலும். ஐந்து நிமிட நடையைச் சோர்வான நாளிலும் செய்ய இயலும்.

ஆறு வாரப் படிகள்

சிக்கலின்றி வீடு திரும்பியவர்களுக்கு நாங்கள் பொதுவாகக் கூறும் முறை இது. பைபாஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும், இதயத்தின் இயக்கத் திறன் மிகவும் குறைந்தவர்களுக்கும் இது மாறுபடும். உங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதப்பட்டுள்ளதே உங்களுக்குரிய அறிவுரை.

முதல் வாரம்: வேளைக்கு 5 நிமிடம், நாளுக்கு இரண்டு அல்லது மூன்று வேளை. வீட்டுக்குள்ளும் வாசலிலும் சமதளத்தில் நடந்தால் போதும்.
இரண்டாம் வாரம்: 10 நிமிடம், இரண்டு வேளை.
மூன்றாம் வாரம்: 15 நிமிடம், இரண்டு வேளை.
நான்காம் வாரம்: 20 நிமிடம், ஒன்று அல்லது இரண்டு வேளை.
ஐந்தாம் வாரம்: 25 நிமிடம், ஒரு வேளை.
ஆறாம் வாரம்: 30 நிமிடம், ஒரு வேளை.

வாரத்தில் ஐந்து நாள் 30 நிமிடம் நடந்தால் 150 நிமிடம் ஆகிறது. பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் மிதமான உடலுழைப்பின் குறைந்தபட்ச அளவும் அதுவே. சிறிதளவு அசைவும் அசைவின்மையைவிட மேலானது என்று அந்நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது.

ஒரு படி கடினமாக இருந்தால் அதே படியில் இன்னொரு வாரம் இருக்கலாம். ஒரு படி இறங்கவும் செய்யலாம். சரியான வேகத்தை அறிய எளிய வழி ஒன்று உண்டு. நடக்கும்போது உடன் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். பேச்சு இடையில் அறுபட்டால் வேகம் மிகுதி என்று பொருள்.

உணவு உண்டபின் ஒரு மணி நேரமாவது கழித்து நடக்க வேண்டும். உச்சி வெயிலைத் தவிர்க்க வேண்டும். இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் சட்டைப் பையில் சிறிது சர்க்கரையோ மிட்டாயோ வைத்திருப்பது நல்லது.

எப்போது நிறுத்த வேண்டும்?

நெஞ்சில் வலி அல்லது இறுக்கம், இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, மிகுந்த மூச்சிரைப்பு, தலைசுற்றல், குளிர்ந்த வியர்வை, படபடப்பு ஆகியவற்றுள் ஏதேனும் தோன்றினால் உடனே நின்று உட்கார வேண்டும். நெஞ்சு வலிக்கென நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை உங்களுக்குத் தரப்பட்டிருந்தால், உட்கார்ந்த நிலையில் ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும். ஐந்து நிமிடத்தில் வலி நீங்காவிட்டால், அல்லது அம்மாத்திரை கையில் இல்லாவிட்டால், 108 எண்ணை அழைக்க வேண்டும். வாயுத் தொல்லையாக இருக்கும் என்று காத்திருக்கக் கூடாது. வலி தானாக நீங்கிவிட்டாலும் அன்றே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள்

“நீங்க உட்காருங்கப்பா, தண்ணீர் நான் கொண்டு வரேன்” என்று சொல்வது அன்பு. ஆனால் நாள்தோறும் பத்து முறை சொல்லப்படும்போது, தாம் எதற்கும் உதவாதவர் என்ற எண்ணத்தை அது நோயாளியின் மனத்தில் விதைக்கிறது. அவரே எழுந்து சென்று தண்ணீர் எடுத்துக்கொள்வதும் முதல் வாரப் பயிற்சியின் ஒரு பகுதியே. அதைத் தடுப்பதற்குப் பதில் உடன் நடங்கள். அடுத்த வீட்டுக்காரர் ஐந்து கிலோமீட்டர் நடக்கிறார் என்று ஒப்பிட வேண்டாம். அவருடைய இதயமும் இவருடைய இதயமும் வேறு வேறு.

நடையை ஏற்கெனவே உள்ள ஒரு வழக்கத்தோடு இணைத்துவிடுங்கள். காலையில் நாளிதழ் வந்து விழுந்ததும் ஒரு வேளை, மாலையில் விளக்கேற்றியதும் ஒரு வேளை என்று வைத்துக்கொண்டால் மறதி குறையும். பால் கணக்குக் குறிக்கும் மாதக் காலண்டரிலேயே, நடந்த நிமிடங்களையும் எழுதலாம். மிகவும் சோர்வான நாளில் வாசற்கதவு வரை சென்று திரும்பினாலும் அதை எழுதுங்கள். காய்ச்சல் உள்ள நாளில் மட்டும் முழு ஓய்வு தேவை.

உணவிலும் இதே முறையைக் கையாளலாம். வீட்டுச் சமையல் முழுவதையும் ஒரே நாளில் மாற்றினால் ஒருவருக்கும் சாப்பாடு இறங்காது. முதல் வாரம் ஊறுகாயையும் அப்பளத்தையும் தட்டிலிருந்து நீக்குங்கள். அடுத்த வாரம் குழம்பில் உப்பைச் சிறிது குறையுங்கள். சில வாரங்களில் நாக்கு அதற்குப் பழகிவிடும்.

சிறிதாகத் தொடங்கக் கூடாதவை

இம்முறை பொருந்தாத இரு செயல்களையும் சொல்லியாக வேண்டும். முதலாவது புகையிலை. பீடி, சிகரெட், வாயில் அடக்கும் புகையிலை ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் குறைக்கலாம் என்று எண்ணாமல், ஒரே நாளில் முழுமையாக விட வேண்டும். அதற்கு உதவும் மருந்துகளும் ஆலோசனையும் மருத்துவமனையில் கிடைக்கும், தயங்காமல் கேளுங்கள். இரண்டாவது மாத்திரைகள். ஸ்டென்ட் பொருத்தியபின் இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளை முதல் நாளிலிருந்தே முழு அளவில், ஒரு வேளையும் விடாமல் உட்கொள்ள வேண்டும். அவற்றைத் தாமாக நிறுத்தினால் ஸ்டென்ட்டில் இரத்தம் உறைந்து மீண்டும் மாரடைப்பு வரக்கூடும். வேறு சிகிச்சைக்காக யாரேனும் நிறுத்தச் சொன்னாலும் எங்களைக் கேட்ட பிறகே முடிவு செய்யுங்கள்.

அடுத்த முறை பரிசோதனைக்கு வரும்போது, மருந்துச் சீட்டுடன் அந்தக் காலண்டர் தாளையும் கொண்டுவாருங்கள். அதிலுள்ள எண்கள் சிறியனவாக இருக்கலாம். இடையில் சில நாட்கள் வெறுமையாகவும் இருக்கலாம். அடுத்த படியை எப்போது ஏறலாம் என்பதை அத்தாளைப் பார்த்து, உங்களுடன் அமர்ந்து முடிவு செய்வோம்.