விசிலின் விலை

2024 ஏப்ரல் 5 அன்று அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் மகளிர் கல்லூரிக் கூடைப்பந்துப் போட்டியின் அரையிறுதி ஆட்டம் நடைபெற்றது. அயோவா அணி ஒரு புள்ளி முன்னிலையில் இருந்தது. ஆட்டம் முடியச் சில விநாடிகளே எஞ்சிய நிலையில், பந்து கனெக்டிகட் அணியின் கையில் இருந்தது. அப்போது நடுவரின் விசில் ஒலித்தது. தன் அணியினருக்கு வழி ஏற்படுத்தித் தருவதற்காக எதிரணி வீராங்கனையை மறித்து நின்ற கனெக்டிகட் வீராங்கனை, விதியை மீறி நகர்ந்துவிட்டார் என்பது நடுவரின் தீர்ப்பு. பந்து கைமாறியது, அயோவா 71-69 என்ற கணக்கில் வென்றது.

அந்த நகர்வு விதிமீறலா என்ற கேள்வியை ஒட்டிப் பல நாள்கள் விவாதம் நடந்தது. ஆனால், அதிகம் பேசப்பட்ட கேள்வி வேறொன்று: 'விதிமீறலாகவே இருந்தாலும், அந்த நேரத்தில் விசில் ஊதலாமா?' ஒரு சட்டம் இருக்கிறது. அது மீறப்பட்டதா என்பதைவிட, அதை எப்போது செயல்படுத்துவது என்பதே சர்ச்சையாகிறது. பொருளாதாரம் படித்தவர்களுக்கு இது மிகவும் பழக்கமான சிக்கல்.

அந்த ஆண்டு இறுதி ஆட்டத்தில் தென் கரோலினா அணி அயோவாவை 87-75 என்று வென்றது. அதை அமெரிக்காவில் 1.8 கோடிக்கும் அதிகமானோர் தொலைக்காட்சியில் கண்டனர். ஆடவர் இறுதி ஆட்டத்தைவிட மகளிர் இறுதி ஆட்டத்தை அதிகம் பேர் பார்த்தது அதுவே முதல் முறை. பார்வையாளரும் பணமும் பெருகியுள்ள வேளையில், களத்தில் உடல் மோதலை எந்த அளவுக்கு அனுமதிப்பது என்ற கேள்வியும் கூர்மையடைந்திருக்கிறது.

கேள்வி புதிதல்ல. 1891-ஆம் ஆண்டு மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இந்த ஆட்டத்தை உருவாக்கியபோது வகுத்த 13 விதிகளில், தோளால் இடிப்பது, பிடிப்பது, தள்ளுவது, இடறிவிடுவது, அடிப்பது ஆகியவற்றைத் தடை செய்யும் விதியும் ஒன்று. இரண்டாம் முறை மீறுபவர், அடுத்து ஒரு கோல் விழும் வரை வெளியே இருக்க வேண்டும். ஓர் அணி தொடர்ந்து மூன்று முறை மீறினால் எதிரணிக்கு ஒரு கோல் கணக்கிடப்படும். உடல் மோதலுக்கு ஒரு விலை வைக்காவிட்டால் இந்த ஆட்டம் நிலைக்காது என்பதை அதை உருவாக்கியவரே உணர்ந்திருந்தார்.

மறு ஆண்டே, ஸ்மித் கல்லூரியின் உடற்கல்வி ஆசிரியர் செண்டா பெரன்சன் இந்த ஆட்டத்தை மாணவியருக்காக மாற்றியமைத்தார். ஆடுகளம் மூன்று பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. வீராங்கனைகள் தத்தம் பகுதியைவிட்டு நகரக் கூடாது. எதிராளியின் கையிலிருந்து பந்தைப் பறிப்பதும் தடை செய்யப்பட்டது. பெண்ணுடல் மென்மையானது, கடும் போட்டியைத் தாங்காது என்ற அக்காலத்து எண்ணம் அந்த விதிகளின் பின்னணியில் இருந்தது. அணிக்கு அறுவர் ஆடும் முறை பல்லாண்டுகள் நீடித்து, 1971-இல்தான் ஐவர் முழு ஆடுகளத்திலும் ஓடி ஆடும் முறை கல்லூரி மகளிருக்கு வந்தது. 1972-இல் கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் 'டைட்டில் நைன்' சட்டம் நிறைவேறியது. 1982-இல் என்சிஏஏ எனப்படும் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் மகளிருக்கான முதல் சாம்பியன் போட்டியை நடத்தியது.

இந்த வரலாற்றை நினைவில் கொள்வது அவசியம். இன்று நடுவர்கள் கண்டிப்பு காட்ட வேண்டும் என்று கேட்டால், 'பெண்கள் என்பதால் மென்மையாக ஆடச் சொல்கிறீர்களா?' என்ற எதிர்க்கேள்வி உடனே எழுகிறது. அது நியாயமான கேள்வி. இன்றைய கல்லூரி வீராங்கனைகள் முறையான வலுப்பயிற்சி பெற்றவர்கள். மோதலுக்கு அஞ்சுபவர்கள் அல்லர். எனவே, கண்டிப்பு வேண்டும் என்பதற்கு அவர்களின் உடல் ஒரு காரணமாக இருக்க முடியாது. அவர்களின் திறமை மட்டுமே காரணமாக இருக்க முடியும்.

கூடைப்பந்து விதிகள் எல்லா உடல் தொடுதலையும் குற்றமாகக் கருதுவதில்லை. இருவர் பந்துக்குத் தாவும்போது நேரும் தற்செயலான மோதல் தவறல்ல. ஆனால், பந்தைத் தட்டிச் செல்பவரை இரு கைகளாலும் தொடுவது, ஒரு கையை அவர்மேல் வைத்து எடுக்காமல் இருப்பது, முன்கையை நீட்டித் தடுப்பது, மீண்டும் மீண்டும் தொட்டுக்கொண்டே இருப்பது ஆகியவை ஃபவுல்கள் என்று மகளிர் கல்லூரி விதிகள் தெளிவாக வரையறுத்துள்ளன. தொட்டதால் யாருக்கு ஆதாயம் என்று நடுவர் எடைபோட்டுப் பார்க்கத் தேவையில்லாமல் செய்வதே இந்த வரையறையின் நோக்கம்.

விதி இவ்வளவு தெளிவாக இருந்தும் ஆட்டம் ஏன் முரட்டுத்தனமாக மாறுகிறது? 1968-இல் பொருளாதார அறிஞர் கேரி பெக்கர் குற்றமும் தண்டனையும் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இதற்கு விடை உண்டு. விதியை மீறுபவர் தண்டனையின் கடுமையை மட்டும் பார்ப்பதில்லை. பிடிபடும் வாய்ப்பையும் சேர்த்தே கணக்கிடுகிறார். கண்காணிப்பு கேமரா உள்ள சாலைச் சந்திப்பில் சிவப்பு விளக்குக்கு நிற்கும் வாகன ஓட்டி, கேமரா இல்லாத அடுத்த சந்திப்பில் நிற்காமல் போவது இந்தக் கணக்கினால்தான்.

கூடைப்பந்தில் ஒரு வீராங்கனை ஐந்து ஃபவுல்கள் செய்தால் வெளியேற வேண்டும். ஆனால், ஒவ்வொரு முறையும் சிறிது பிடித்து, சிறிது தள்ளி ஆடும் அணியின் பயிற்சியாளருக்கு ஓர் உண்மை தெரியும். பத்து மீறல்களுக்கும் விசில் ஊதினால் ஆட்டமே நகராது. ஆகவே நடுவர் இரண்டு, மூன்றுக்கு மட்டுமே ஊதுவார். மீதி ஏழும் இலவசம். மாற்று வீராங்கனைகள் அதிகம் உள்ள அணிக்கு இந்த உத்தி இன்னும் மலிவு. ஒருவர் ஐந்து ஃபவுல்களுடன் வெளியேறினால் அதே தரத்தில் இன்னொருவர் தயாராக இருப்பார். இழப்பு முழுவதும், ஓரிரு சிறந்த வீராங்கனைகளை நம்பியிருக்கும் சிறிய கல்லூரிகளுக்கே.

கண்காணிப்பை அதிகரித்தால் நடத்தை மாறுமா? ராபர்ட் மெக்கார்மிக், ராபர்ட் டாலிசன் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 1984-இல் இதை ஆராய்ந்தனர். அவர்கள் எடுத்துக்கொண்டது ஆடவர் கல்லூரிக் கூடைப்பந்து. அட்லாண்டிக் கோஸ்ட் கூட்டமைப்பின் ஆட்டங்களில் நடுவர்களின் எண்ணிக்கை இரண்டிலிருந்து மூன்றாக உயர்த்தப்பட்டபோது, ஃபவுல்கள் சுமார் 34 சதவீதம் குறைந்தன என்று அவர்கள் கண்டறிந்தனர். கூடுதலாக ஒரு நடுவர் வந்தால் விசில் சத்தம் கூடும் என்றே எவரும் நினைப்பார். மாறாக, பிடிபடுவோம் என்று தெரிந்ததும் வீரர்கள் தங்கள் ஆட்டத்தை மாற்றிக்கொண்டனர்.

தண்டனையின் அமைப்பும் நடத்தையை வடிவமைக்கிறது. 2015-16 பருவத்தில் மகளிர் கல்லூரி ஆட்டம் இரு பாதிகளிலிருந்து, தலா பத்து நிமிடங்கள் கொண்ட நான்கு கால்பகுதிகளாக மாற்றப்பட்டது. ஒரு கால்பகுதியில் ஓர் அணி செய்யும் ஐந்தாவது ஃபவுலிலிருந்து எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ வாய்ப்புகள் கிடைக்கும். கல்லூரி வீராங்கனைகள் பத்துக்கு ஏறத்தாழ ஏழு ஃப்ரீ த்ரோக்களைக் கூடையில் போடுகிறார்கள். ஆக, இரண்டு வாய்ப்புகளின் மதிப்பு சுமார் 1.4 புள்ளிகள். சாதாரணமாக ஒரு முறை பந்தைக் கொண்டு செல்வதால் கிடைப்பதோ சராசரியாக ஒரு புள்ளிக்கும் சற்றுக் குறைவு. எனவே, ஐந்தாவது ஃபவுலுக்கு உண்மையான விலை உண்டு. ஆனால், எதிராளி பந்தை எறிய முனையாத நேரத்தில் செய்யப்படும் முதல் நான்கு ஃபவுல்களுக்கு அந்த விலை இல்லை. கால்பகுதி மாறும்போது கணக்கும் மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. இதனால்தான், கால்பகுதியின் கடைசி விநாடிகளில் சில அணிகள் கையிருப்பில் உள்ள ஃபவுல்களை வேண்டுமென்றே செலவழிக்கின்றன. எந்த விலைப்பட்டியலிலும் இலவசப் பகுதி ஒன்று இருந்தால், அதை முதலில் பயன்படுத்துவதே மனித இயல்பு.

இன்னொரு சிக்கல் காலம் சார்ந்தது. 2013-இல், என்சிஏஏ-வின் வேண்டுகோளின்படி வேல் ஆக்கர்மன் மகளிர் கல்லூரிக் கூடைப்பந்தின் நிலை குறித்து விரிவான அறிக்கை ஒன்றை அளித்தார். அணிகள் எடுக்கும் புள்ளிகளும், எறியும் பந்துகள் கூடையில் விழும் விகிதமும் குறைந்துவிட்டன என்ற கவலை அதில் இடம்பெற்றது. வீராங்கனைகள் தடையின்றி நகரும் உரிமையைக் காக்க வேண்டும் என்ற வலியுறுத்தல் அதன்பின் வலுத்தது. நவம்பரில் பருவம் தொடங்கும்போது நடுவர்கள் கண்டிப்புடன் ஊதுகிறார்கள். ஆட்டம் அடிக்கடி நிற்கிறது. பயிற்சியாளர்களும் ரசிகர்களும் சலித்துக்கொள்கிறார்கள். மார்ச் மாதம் நெருங்கும்போது கண்டிப்பு தளர்ந்துவிடுகிறது என்பது பலரும் நெடுங்காலமாகச் சொல்லும் குறை.

ஃபின் கிட்லண்ட், எட்வர்ட் பிரெஸ்காட் ஆகியோர் 1977-இல் விளக்கியது இத்தகைய நிலையைத்தான். அவர்களுக்கு 2004-இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று அறிவிக்கப்படும் கண்டிப்பான கொள்கை நாளை தளர்த்தப்படும் என்று மக்கள் எதிர்பார்த்தால், இன்றே அவர்கள் அதைப் பொருட்படுத்த மாட்டார்கள். ஜனவரியில் தளர்ந்துவிடும் விதிக்காக நவம்பரில் தன் ஆட்டமுறையை மாற்றிக்கொள்ள எந்தப் பயிற்சியாளர் முன்வருவார்? கண்டிப்பின் பலன் கிடைக்க வேண்டுமானால், தொடக்கத்தில் எழும் சலிப்பைத் தாங்கிக்கொள்ள வேண்டும்.

கண்டிப்பு என்றால் விசில் மழை என்று பொருளல்ல. 2023-இல் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம் அயோவாவை 102-85 என்று வென்ற இறுதி ஆட்டத்தில் மொத்தம் 37 ஃபவுல்கள் விதிக்கப்பட்டன. முக்கிய வீராங்கனைகள் பலர் நெடுநேரம் வெளியே அமர நேர்ந்தது. பந்தைப் பின்புறமாக உருட்டிவிட்டதற்காக அயோவாவின் கேட்லின் கிளார்க்குக்கு டெக்னிக்கல் ஃபவுல் கொடுக்கப்பட்டதும் கடும் விமர்சனத்துக்கு உள்ளானது. 2023-இல் அளவுக்கு மீறி ஊதினார்கள் என்றும், 2024-இல் ஊதக் கூடாத நேரத்தில் ஊதினார்கள் என்றும் எழுந்த குறைகள் ஒரே நோயின் இரு அறிகுறிகள். எது ஃபவுல், எது இல்லை என்பதை முன்கூட்டியே அறிய முடியாத நிலைதான் அந்த நோய்.

இதற்கு மனித இயல்பும் ஒரு காரணம். ஆடவர் கல்லூரி ஆட்டங்களை ஆராய்ந்து கைல் ஆண்டர்சன், டேவிட் பியர்ஸ் ஆகியோர் 2009-இல் வெளியிட்ட ஆய்வு, அதுவரை குறைவான ஃபவுல்கள் பெற்ற அணிமீதே அடுத்த ஃபவுல் விழும் வாய்ப்பு அதிகம் என்று காட்டியது. இரு பக்கமும் சமமாக இருப்பதே நியாயம் என்ற எண்ணம் நடுவரை அறியாமலேயே செயல்படுகிறது. இதன் விளைவு விபரீதமானது. கணக்கு எப்படியும் சமன் செய்யப்படும் என்றால், அதிகம் மோதும் அணிக்கே லாபம். விதிப்படி ஆடும் அணி தன் ஒழுங்குக்கு அபராதம் செலுத்துகிறது.

நடுவர்களைக் குறை சொல்லி முடித்துவிடுவது எளிது. அவர்களின் பணிச்சூழலையும் பார்க்க வேண்டும். அமெரிக்கக் கல்லூரி நடுவர்கள் நிரந்தர ஊழியர்கள் அல்லர். ஆட்டத்துக்கு இவ்வளவு என ஊதியம் பெறும் ஒப்பந்தப் பணியாளர்கள். ஒரே பருவத்தில் பல கூட்டமைப்புகளுக்காக ஊர் ஊராகப் பயணிப்பவர்கள். ஆடவர், மகளிர் தேசியப் போட்டிகளின் நடுவர்களுக்கு ஒரே ஊதியம் என்ற முடிவை என்சிஏஏ 2022-இல்தான் எடுத்தது. கூட்டமைப்புகளின் வழக்கமான ஆட்டங்களில், பெரும்பாலான இடங்களில் ஆடவர் ஆட்டத்துக்கே அதிகம் தரப்பட்டு வந்தது. 2024 தேசியப் போட்டியின் ஓர் ஆட்டத்தில், ஆடும் அணிகளில் ஒன்றின் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர் என்று தெரியவந்ததால் ஒரு நடுவர் இடைவேளையில் மாற்றப்பட்டார். தவறு அந்த நடுவருடையது மட்டுமா? முன்பே சரிபார்த்திருக்க வேண்டிய நிர்வாகத்துக்கும் அதில் பங்குண்டு. குறைந்த கூலிக்கு உயர்ந்த தரத்தை எதிர்பார்க்கும் சந்தை எங்கும் இல்லை.

அலட்சியத்தின் விலை சில நேரங்களில் பெரிதாகிறது. 2024 மார்ச்சில் தென்கிழக்குக் கூட்டமைப்பின் இறுதி ஆட்டத்தில், முடிவதற்குச் சற்று முன் தென் கரோலினா, லூசியானா மாநில வீராங்கனைகளிடையே தள்ளுமுள்ளு ஏற்பட்டு, இரு அணிகளிலும் பலர் வெளியேற்றப்பட்டனர். அந்த மோதலுக்கு ஒற்றைக் காரணம் சொல்லிவிட முடியாது. ஆயினும், நடுவர் தன்னைக் காப்பார் என்ற நம்பிக்கை குறையும் களத்தில், தன் கணக்கைத் தானே தீர்த்துக்கொள்ளும் எண்ணம் வளரும் என்பது எந்தச் சமூகத்துக்கும் பொருந்தும்.

அதே வேளையில், விசிலிடம் அளவுக்கு மீறி எதிர்பார்க்கவும் கூடாது. முழங்காலின் முன்புறத் தசைநார் கிழிவது ஆடவரைவிட மகளிர் கூடைப்பந்தில் பல மடங்கு அதிகம். ஆனால், அவற்றில் பெரும்பாலானவை எவரும் மோதாமலேயே, திடீரெனத் திரும்பும்போதும் தாவி இறங்கும்போதும் நேர்பவை. கண்டிப்பான நடுவரால் அவற்றைத் தடுத்துவிட முடியாது. அதற்கு முறையான உடற்பயிற்சியே மருந்து.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. நவம்பரின் முதல் ஆட்டத்துக்கும் ஏப்ரலின் இறுதி ஆட்டத்துக்கும் ஒரே அளவுகோல் வேண்டும்; முதல் நிமிடத்தில் ஃபவுல் என்றால் கடைசி நிமிடத்திலும் அது ஃபவுலே. நடுவர்களின் ஊதியமும் பயிற்சியும் ஆட்டத்தின் வருவாய்க்கு ஏற்ப உயர வேண்டும். ஒவ்வொரு நடுவரின் தீர்ப்புகளும் பருவம் முழுவதும் மதிப்பிடப்பட்டு, அதன் அடிப்படையில் பெரிய ஆட்டங்கள் ஒதுக்கப்பட வேண்டும்.

'ஆடட்டும், விட்டுவிடுங்கள்' என்று கேட்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். விசில் ஊதுவது ஒரு தீர்ப்பு என்றால், ஊதாமல் இருப்பதும் ஒரு தீர்ப்பே. முதலாவது கண்ணுக்குத் தெரிகிறது, இரண்டாவது தெரிவதில்லை. அதன் விலையைச் செலுத்துபவர், பல்லாண்டுப் பயிற்சியில் பெற்ற வேகத்தையும் லாகவத்தையும் காட்ட இடமின்றித் தடுக்கப்படும் வீராங்கனை.