வேளாண் மன்றத் தன்னார்வலர்

வேளாண் மன்றத் தன்னார்வலர் எனப்படுபவர், சிற்றூர்களில் இளையோரையும் உழவர்களையும் ஒன்றுகூட்டிப் புதிய பயிர்த்தொழில் முறைகளை அறிமுகப்படுத்தும் மன்றத்தை ஊதியமின்றி நடத்துபவர் ஆவார். இவர்களைச் சிறப்பிக்கும் முறை நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. தமிழ்நாட்டில் கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல் வட்டாரத்தில் விளைச்சலைப் பெரும்பாலும் மழையே முடிவு செய்வதால், இவர்களின் பணியை எதைக் கொண்டு அளப்பது என்பது எளிய கேள்வியன்று.

தோற்றம்

ஐக்கிய அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில், ஸ்பிரிங்ஃபீல்டு பகுதிப் பள்ளிகளின் கண்காணிப்பாளராக இருந்த ஏ. பி. கிரஹாம் 1902 சனவரியில் ஏறத்தாழ 30 சிறுவர் சிறுமியரைக் கொண்டு ஒரு மன்றத்தைத் தொடங்கினார். பல்கலைக்கழக ஆய்வு முடிவுகளை ஏற்கப் பெரியவர்கள் தயங்கிய காலம் அது. பிள்ளைகள் சிறு பாத்தியில் செய்து காட்டியதைக் கண்ட பின்னரே பலர் தம் வயல்களில் மாற்றம் செய்தனர். இம்முயற்சி பின்னர் 4-எச் இயக்கமாக வளர்ந்தது. தலை, நெஞ்சு, கை, உடல்நலம் ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்கள் நான்கும் 'எச்' எழுத்தில் தொடங்குவதால் இப்பெயர் ஏற்பட்டது. மன்றங்களை நடத்தும் தன்னார்வலர்களுக்குப் பணியாற்றிய ஆண்டுகளைக் குறிக்கும் சட்டை ஊசிகள் வழங்கும் வழக்கம் இவ்வியக்கத்தில் உண்டு. இயக்கத்தின் நூற்றாண்டான 2002 இல் தேசிய அளவிலான புகழ் மன்றமும் நிறுவப்பட்டது.

இந்தியாவில்

1952 அக்டோபர் 2 அன்று தொடங்கப்பட்ட சமூக வளர்ச்சித் திட்டத்தின் கீழ் ஊர்களில் இளைஞர் மன்றங்கள் அமைக்கப்பட்டன. அவற்றிற்குத் துணைநின்ற கிராம சேவகர் அரசு ஊழியர். மன்றத்தை நடத்திய உள்ளூர் இளைஞரோ ஊதியம் பெறாதவர்.

தேசிய வேளாண்மை மற்றும் ஊரக வளர்ச்சி வங்கி (நபார்டு) 1982 நவம்பர் 5 அன்று 'விகாசு தன்னார்வலர் வாகினி' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. 2005 இல் இது உழவர் மன்றத் திட்டம் எனப் பெயர் மாற்றப்பட்டது. குறைந்தது 10 உறுப்பினர்கள் இருந்தால் மன்றம் அமைக்க முடிந்தது. வயது வரம்பு இல்லாததால் இது 4-எச் போன்ற இளையோர் அமைப்பன்று. வங்கியின் திட்டம் ஆதலால் கடனை உரிய பயனுக்குச் செலவிடுதல், கூடுதல் வருவாயில் ஒரு பகுதியைச் சேமித்தல், தவணை தவறாமை ஆகியவை இதன் கொள்கைகளில் இடம்பெற்றன. சிறந்த உழவர் மன்றங்களுக்கு மாநில அளவில் நபார்டு விருதுகளும் வழங்கியுள்ளது. நேரு யுவ கேந்திராவும் சிறந்த இளைஞர் மன்றங்களுக்கு விருது வழங்கியது. இவ்விரண்டிலும் விருது மன்றத்தின் பெயருக்கே உரியது என்பது குறிப்பிடத்தக்கது.

கரிசல் வட்டாரம்

தூத்துக்குடி மாவட்டத்தின் கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பகுதிகளும் விருதுநகர் மாவட்டத்தின் சாத்தூர், அருப்புக்கோட்டை பகுதிகளும் மானாவாரிக் கரிசல் நிலங்களாகும். சோளம், கம்பு, மக்காச்சோளம், உளுந்து, பாசிப்பயறு, பருத்தி, மிளகாய் ஆகியவை இங்குப் பயிராகின்றன. கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் 1901 இல் தொடங்கப்பட்டது. இங்கு உருவான பயிர் வகைகள் 'கே' என்ற எழுத்தால் அறியப்படுகின்றன.

ஈரம் பட்டால் கரிசல் மண் உப்பிக் குழைந்துவிடும். மழை தொடங்கியபின் வயலில் இறங்கி உழ முடியாது. ஆகவே வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே, புரட்டாசி வாக்கில், காய்ந்த மண்ணில் விதைக்கும் முறை பரிந்துரைக்கப்படுகிறது. அவ்வாறு விதைக்கும் சோள விதையை 2 விழுக்காடு பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் கரைசலில் 6 மணி நேரம் ஊறவைத்துப் பழைய ஈரநிலைக்கு உலர்த்தினால் அது வறட்சியைத் தாங்கும் திறன் பெறுகிறது. மழை வருமோ வராதோ என்ற நிலையில் விதையை மண்ணில் போடுமாறு அண்டை வீட்டாரை இசையச் செய்வது எளிதன்று. மழை பொய்த்தால் பழி, வழி சொன்னவர் மேல் விழும். அவர் அதே ஊரில் அடுத்த ஆண்டும் வாழ வேண்டியவர்.

அளவுகோல் பற்றிய சிக்கல்

வேளாண் விருதுகள் பல, விளைச்சலையே அளவாகக் கொள்கின்றன. விவசாயிகள் சங்கத் தலைவர் சி. நாராயணசாமி நாயுடு 1984 டிசம்பர் 21 அன்று கோவில்பட்டியில் காலமானார். அவர் பெயரில் தமிழ்நாடு அரசு வழங்கும் விருது, திருந்திய நெல் சாகுபடியில் மிகுதியான விளைச்சல் பெறும் உழவருக்கானது. அவர் உயிர்நீத்த ஊரைச் சூழ்ந்துள்ள மானாவாரிக் கரிசலில் நெல் பெரும்பாலும் பயிராவதில்லை.

கரிசலில் ஓராண்டின் விளைச்சலைக் கொண்டு ஒருவரை மதிப்பிடுவது பொருந்தாது. 2018 இல் மக்காச்சோளத்தைப் படைப்புழு தாக்கியது. 2023 டிசம்பர் 17, 18 நாட்களில் பெய்த பெருமழையில் மானாவாரிப் பயிர்கள் நீரில் மூழ்கின. இவற்றை எந்த மன்றத் தலைவராலும் தடுத்திருக்க இயலாது. ஆனால் புழு தோன்றிய செய்தியை ஊருக்குள் முதலில் கொண்டுசேர்ப்பதும், இழப்பீட்டு விண்ணப்பம் எழுத உதவுவதும் அவரால் இயலும். 4-எச் ஊசியைப் போலப் பணியாண்டுகளை எண்ணும் முறை இத்தகைய உழைப்புக்கு மிகவும் பொருந்துவதாகும்.

இன்றைய நிலை

உழவர் மன்றத்திற்கு நபார்டு அளித்த சிறு உதவித்தொகை தொடக்க ஆண்டுகளுக்கு மட்டுமே உரியது. அதன்பின் மன்றம் நீடிப்பது தன்னார்வலரின் முனைப்பைப் பொறுத்தது. 2014க்குப் பின் அரசின் கவனம் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களின் பக்கம் திரும்பியது. இந்நிறுவனங்களில் ஊதியம் பெறும் முதன்மை அலுவலர் உண்டு, உழவர்கள் பங்குதாரர்கள். பழைய மன்றங்கள் சில இவற்றோடு இணைந்தன.