ஐந்து ரோடு பக்கம் முதல் வீடு

வேலை கிடைச்சு சேலத்துலயே தங்கப் போறீங்களா? ஐந்து ரோடு, ஃபேர்லேண்ட்ஸ் பக்கம்தான் எல்லாருக்கும் கண்ணு. புது பஸ் ஸ்டாண்டும் கிட்டதான். 'பேச்சிலருக்கு இல்லைங்க'ங்கற பதிலைத் தாண்டி ஒரு வீடு அமைஞ்சதும், அந்த சந்தோஷத்துல கேட்ட அட்வான்ஸை அப்படியே நீட்டிடாதீங்க. 2019-ல் அமலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தில் வரம்பு மூணு மாச வாடகை. ஆனா ஒரு ஓட்டை உண்டு: ஒப்பந்தத்தில் அதைவிடக் கூடுதல் தொகைக்கு நீங்க சம்மதிச்சிருந்தா அந்த வரம்பு பொருந்தாது. அதனால பேரமெல்லாம் கையெழுத்துக்கு முன்னாடியே.

அப்புறம் ஈபி. தனி மீட்டரான்னு பாருங்க. ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம் ஒரு இணைப்புக்குத்தான். மூணு வீட்டுக்கு ஒரே மீட்டர்னா, யூனிட் கூடக்கூட ஏறும் ரேட்டும் உங்க பங்குக்கு வரும்.